அம்மா யாரைக் கூப்பிட்டாள்

பேருந்து நிலையத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு அவள் மைக் அக்கா. எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், எந்தக் குழந்தை அம்மாவைத் தொலைத்துவிட்டு விசாரணை அறையில் அழுதுகொண்டிருக்கிறது என்பதையெல்லாம் ஒலிபெருக்கியில் சொல்வது அவள் வேலை. முதல் மாடியில் மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த சின்ன அறை. ஒரு மேஜை, ஒரு மைக், தலைக்கு மேல் ஒரு மின்விசிறி. விசிறி ஓடினால் அதன் இரைச்சல் நிலையம் முழுக்கக் கேட்கும். அதனால் பேசுவதற்கு முன் அதை நிறுத்த வேண்டும், பேசி முடித்ததும் போட வேண்டும். வெயில் நாட்களில் அவள் முகமெல்லாம் வியர்வை வழிய வழியப் பேசுவாள். கீழே நிற்பவர்களுக்குக் குரல் மட்டும் குளுகுளுவென்று வந்து சேரும்.

அந்தக் குரல் ஊருக்கே தெரியும், முகம் யாருக்கும் தெரியாது. கடையில் போய் அரைக் கிலோ வெங்காயம் கேட்டால், கடைக்காரர் வண்டியைத் தவறவிட்டவர் மாதிரி சட்டென்று நிமிர்ந்து பார்ப்பார். அவள் கணவர் தொலைதூரப் பேருந்து ஓட்டுபவர். "வேலையிலதான் நீ சொன்னா வண்டியை எடுக்கணும்னு பார்த்தா, வீட்டுலயும் அதே கதைதானா?" என்று கேலி செய்வார். வாரத்தில் பாதி நாள் அவர் சாலையில் இருப்பார். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி இருவரும் பேசுவதை நிறுத்தி வெகுகாலம் ஆகிவிட்டது.

அம்மாவும் அப்பாவும் நகரத்தின் பழைய பகுதியில், சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தார்கள். முன்னறை, ஒரு படுக்கையறை, சமையலறை, அதைத் தாண்டினால் சிமெண்டுத் தரை போட்ட பின்முற்றம். அங்கே ஒரு குழாய், துணி துவைக்க ஒரு கல், சந்துக்குப் போக ஒரு தகரக் கேட். அப்பா அச்சகத்தில் மெஷின்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த இயந்திரங்கள் அவர் காதைத் தின்றுவிட்டன. வேலையை விட்ட பிறகு காதில் ஒரு மெஷின் மாட்டிக்கொண்டார். போடாவிட்டால் ஒன்றும் கேட்காது. போட்டால் தட்டு வைக்கிற சத்தம்கூட இடி மாதிரி விழும். பிடிக்காத பேச்சு வந்தால் அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்.

"மத்த வீட்டுல சண்டை வந்தா புருஷன் வெளிய போயிடுவான். இங்க உங்கப்பா உட்கார்ந்த இடத்துலயே வெளிய போயிடுவார்டி" என்று அம்மா சிரிப்பாள்.

மைக் அக்காவுக்கு ஒரு தம்பி இருந்தான். வீட்டில் சின்னவன். அவன் ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ள விரும்பினான். அவள் கணவனை இழந்தவள், கையில் ஒரு குழந்தை. ஒரு நாள் சமையலறை வாசலில் நின்று அப்பா அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். சின்னவன் அவர் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். அப்பா கதவு நிலையில் இடித்து விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தவர், "இனிமே எனக்கு ஒரே பொண்ணுதான்" என்றார். சின்னவன் போய்விட்டான். விசாரித்த உறவுக்காரர்களிடம் வெளிநாட்டில் இருக்கிறான் என்று சொன்னார்கள். சொல்லிச் சொல்லி அக்காவும் பாதி நம்பிவிட்டாள். அவனைத் தேடிப் போகவில்லை. அப்பாவுக்குப் பயந்தது ஒரு பாதி. கிடைத்துவிட்டால் இரண்டு பேருக்கும் நடுவில் நிற்க வேண்டிவருமே என்று ஒதுங்கிக்கொண்டது மறுபாதி.

அம்மா இறந்த அன்று அவள் பணியில் இருந்தாள். சாயங்காலம் அறைக்குள் கைப்பேசி அதிர்ந்தது. அப்பா. மெஷின் போட்டாலும் போனில் அவருக்குச் சரியாகக் கேட்காது என்பதால் அவர் போனே செய்ய மாட்டார். எடுத்ததும் கத்தினார்: "அம்மா விழுந்துட்டா. எழுந்திருக்கல. வா." அவள் கேட்ட எதுவும் அவருக்குப் போய்ச் சேரவில்லை. வா, வா என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார். கீழே ஒரு வண்டி புறப்படத் தயாராக இருந்தது. அதற்கான அறிவிப்பை அவள் முழுதாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று பின்னால் பலமுறை யோசித்திருக்கிறாள். வாய் பழக்கத்தில் பேசியது, அவ்வளவுதான்.

அம்மா பின்முற்றத்தில் குழாய்க்குப் பக்கத்தில் கிடந்தாள். முந்தானை ஈரமாக இருந்தது. தலைக்கு அடியில் ஒரு சட்டை, பச்சைக் கட்டம் போட்டது, நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. அப்பா துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார்.

போலீஸ் வந்தது. உடலை எடுத்துக்கொண்டு போய்ப் பரிசோதித்தார்கள். வழுக்கி விழுந்திருக்கிறாள், இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது, பின்மண்டையில் உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது என்றார் டாக்டர். "உடனே போகல. கொஞ்ச நேரம் உயிர் இருந்திருக்கு."

இன்ஸ்பெக்டர் அப்பாவிடம் சத்தமாக, வாயைப் பெரிதாகத் திறந்து கேட்டார். "ஐயா, நீங்க வீட்டுலதானே இருந்தீங்க? அவங்க கூப்பிட்டது கேக்கலையா?"

"மெஷினைக் கழட்டி வச்சிருந்தேன்."

"தலைக்கு அடியில சட்டை வச்சது யாரு?"

"நான்தான். என் சட்டைதான்."

வயதானவர், காது கேட்காதவர், மனைவியை இழந்தவர். அதற்கு மேல் கேட்க இன்ஸ்பெக்டருக்கு மனம் வரவில்லை. தவறி விழுந்து மரணம் என்று முடித்துக்கொண்டார்கள்.

அப்பாவைத் தனியாக விட முடியாது என்று அவள் அந்த வீட்டுக்கே வந்துவிட்டாள். கணவர் மறுப்புச் சொல்லவில்லை. "நான் எங்க படுத்தாலும் வண்டி ஆடுற மாதிரிதான் இருக்கும். நீ போ" என்றார்.

ஆவிக்கு இருட்டுதான் நேரம் என்பார்கள். அந்த வீட்டில் மதியம்தான் நேரம். விடுமுறை நாட்களில், சாப்பிட்டு முடித்துப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகு, வீட்டுக்குள் ஒரு அமைதி வரும். எதையோ ஒட்டுக்கேட்கிற மாதிரி இருக்கும் அது. குழாயிலிருந்து ஒரு சொட்டு விழும். தகரக் கேட் காற்றில் முனகும். அப்பா முன்னறை நாற்காலியைத் திருப்பிப் போட்டு, பின்கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். காதில் மெஷின் இருக்காது. அம்மா போன நாளிலிருந்து அதை அவர் தொடவே இல்லை. பெட்டியோடு அலமாரியில் கிடந்தது. பின்முற்றத்துக்கும் அவர் போவதில்லை. ஆனால் பின்கதவைத் தாழ்ப்பாள் போட விடமாட்டார். அது மழையில் ஊறி உப்பிய கதவு. தாழ்ப்பாள் போடாவிட்டால் மூடி நிற்காது, மெதுவாகத் திறந்துகொள்ளும். அவள் எழுந்து போய்த் தாழ்ப்பாள் போடுவாள். சற்று நேரத்தில் அவர் எழுந்து போய் அதை எடுத்துவிடுவார். கதவு திறந்துகொள்ளும். யாரோ உள்ளே வருகிற மாதிரி இருக்கும், யாரும் வரமாட்டார்கள்.

துணிகளை அடுக்கும்போது ஒரு நாள் அந்தச் சட்டை அவள் கண்ணில் பட்டது. ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்ததை அப்பா தானே துவைத்து, தானே தேய்த்து, அலமாரியில் எல்லாவற்றுக்கும் அடியில் வைத்திருந்தார். கையில் எடுத்ததும் அவளுக்கு நினைவு வந்தது. இந்தச் சட்டையைக் காணோம் என்று அப்பா பல மாதம் வீட்டைக் கலக்கியிருந்தார். "பச்சைக் கட்டம் போட்டது எங்கன்னு உங்கம்மாகிட்ட கேளு. கேட்டா மழுப்புறா" என்று இவளிடமே புகார் சொன்னார். காணாமல் போன சட்டை அன்றைக்கு மட்டும் எப்படி வந்தது? இன்னும் உற்றுப் பார்த்தாள். கை மடிப்பில் துவைத்தும் போகாத கறுப்புக் கிரீஸ். பையின் அடியில் கூர்மையான ஏதோ குத்திக் கிழித்த ஓட்டை. வீட்டில் உட்கார்ந்து டிவி பார்க்கிற மனிதரின் சட்டையில் கிரீஸ் எப்படி வரும்?

அப்பா பொய் சொல்கிறார் என்று அன்றைக்கு அவளுக்குத் தெரிந்துவிட்டது. எதற்கு என்றுதான் தெரியவில்லை.

சில நாள் கழித்து, மாடியில் துணி காயப்போடும்போது பக்கத்து வீட்டு டீச்சர் கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். மழலையர் பள்ளியில் வேலை, மதியமே வீட்டுக்கு வந்துவிடுவாள். பொதுச்சுவரில் தண்ணீர் கசிந்த தகராறில் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. டீச்சர் கையில் ஒரு ஈரத்துண்டு இருந்தது. அதை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லாம என்னால சாப்பிட முடியல."

"சொல்லுங்க டீச்சர்."

"அன்னைக்கு உங்கம்மா ரொம்ப நேரம் கூப்பிட்டாங்க. சின்னவனே, சின்னவனேன்னு. அது புதுசு இல்ல. மதியமானா பின்னாடி உட்கார்ந்து அந்தப் பேரைச் சொல்லிப் பேசிக்கிட்டுத்தான் இருப்பாங்க. நான் பிள்ளை நினைப்புல புலம்புறாங்கன்னு விட்டுட்டேன். அப்புறம் சத்தம் நின்னுடுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சுக் கதவை இடிக்கிற சத்தம். தட்டுறது இல்ல, இடிக்கிறது. பேச்சு இல்லாத வீடாச்சே, நாம எப்படிப் போறதுன்னு..." துண்டு கையிலேயே பிழியப்பட்டுத் தண்ணீர் காலில் சொட்டியது.

அன்று முழுக்க அவள் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மா இடுப்பு உடைந்து, தவழ்ந்து வந்து, அந்தக் கதவை இடித்திருக்கிறாள். உள்ளே தாழ்ப்பாள். இந்த மனிதர் திறக்கவில்லை. வேண்டுமென்றேதான் திறக்கவில்லையா? ஏன்? அவருக்குத் தட்டில் சோறு போட்டாள். அவர் கைகளையே பார்த்தாள். அச்சு மையில் ஊறிப் போன நகங்கள், ஒரு பக்கம் கோணியிருக்கும் மணிக்கட்டு. சின்ன வயதில் அவளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்ட கைகள். படுக்கையறைக் கதவை அவள் உள்பக்கம் பூட்டிக்கொண்டு படுத்தாள். பூட்டிய பிறகு தன்னை நினைத்தே கூசிப்போனாள்.

வேலையிலும் தடுமாறினாள். காணாமல் போன ஒரு பையனின் தாயைக் கூப்பிட வேண்டும். மைக்கைத் திறந்தாள், சொல் வரவில்லை. நிலையம் முழுக்க அவள் மூச்சு மட்டும் கேட்டது. விசாரணை அறைக்காரர் மேலே ஓடிவந்து, "என்னக்கா, உடம்பு சரியில்லையா? ஊரே பயந்துடுச்சு" என்றார்.

மறுபடி அவளே டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினாள். "வேற ஏதாவது பார்த்தீங்களா? எதுவா இருந்தாலும் சொல்லுங்க" என்று கேட்டாள். டீச்சர் தயங்கினாள்.

"இடிக்கிற சத்தம் நின்ன பிறகு ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தேன். சந்துல ஒருத்தன் ஓடினான். மேல சட்டை இல்ல, வெறும் பனியன். சந்து முனையில ஒரு பைக் நின்னுச்சு. பின்னாடி சின்ன சிலிண்டர் கட்டியிருந்துச்சு, ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பண்றவங்க வச்சிருப்பாங்களே, அது மாதிரி. அதுக்கு முன்னாடியும் சில மதியம் அந்த பைக்கைப் பார்த்திருக்கேன். போலீஸ்கிட்ட சொன்னா ஸ்டேஷனுக்கு வா, கோர்ட்டுக்கு வான்னு இழுப்பாங்கன்னு பயந்துட்டேம்மா."

சட்டை இல்லாதவன். அவள் வீட்டுக்கு வந்து நேராகச் சமையலறைக்குப் போனாள். குளிர்சாதனப் பெட்டியின் பக்கவாட்டில், சுவரை ஒட்டிய இடத்தில் ஒரு ஸ்டிக்கர் இருந்தது. ஃப்ரிட்ஜ், ஏசி, வாஷிங் மெஷின் பழுது பார்க்கப்படும் என்று போட்டு ஒரு நம்பர். எல்லா வீட்டு ஃப்ரிட்ஜிலும் இருக்கிற ஸ்டிக்கர்தான். ஆனால் இந்த வீட்டு ஃப்ரிட்ஜ் வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூடப் பழுதானதில்லை.

அந்த நம்பருக்குப் போன் செய்தாள். யாரோ எடுத்தார்கள். "ஹலோ" என்றாள். மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த மோட்டார் சத்தம் சட்டென்று நின்றது.

பிறகு ஒரு குரல், "அக்கா" என்றது.

சின்னவனின் கடை நகரத்தின் மறுகோடியில் இருந்தது. வெளிநாடு என்று அவர்கள் ஊருக்குச் சொன்ன இடத்துக்கு நகரப் பேருந்தில் ஒரே டிக்கெட்டில் போய்விடலாம். வாசலில் கதவு கழற்றிய பழைய ஃப்ரிட்ஜுகள் வரிசையாக வாயைத் திறந்துகொண்டு நின்றன. உள்ளே, அப்பாவின் நெற்றியும் அம்மாவின் தாடையுமாக ஒரு ஆள் தரையில் உட்கார்ந்து மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான். கட்டிப்பிடிக்க வந்தவன், கையில் கிரீஸ் என்று பாதியில் நின்றுவிட்டான். அவன் மனைவி ஸ்டூலைத் துடைத்துப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவனுக்குக் கல்யாணமான மறுவருஷமே அம்மா அவனைக் கண்டுபிடித்துவிட்டாளாம். வேலைக்கு நடுவே மதியத்தில் பின்வாசலுக்கு வருவான். கேட்டுக்கு வெளியே அவன், உள்ளே அம்மா. பேசுவார்கள். ஒரு நாள் அவன் சட்டை கிழிந்திருந்ததைப் பார்த்து அப்பாவின் சட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

"எனக்கு ஏண்டா சொல்லல?" என்றாள் அவள்.

"அம்மாதான் வேணாம்னாங்க. 'அவ மைக்குக்காரி, ஊருக்கே அறிவிச்சுடுவா'ன்னு சிரிப்பாங்க." அவனும் சிரிக்கப் பார்த்தான். அவளுக்குச் சுருக்கென்றது. வாரம் தவறாமல் வந்துபோன தனக்குத் தெரியாமல் அம்மாவுக்கு ஒரு முழு வாழ்க்கை அந்தத் தகரக் கேட்டில் நடந்திருக்கிறது.

"அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

"அன்னைக்கு வரேன்னு சொல்லியிருந்தேன். ஒரு வீட்டுல ஏசி வேலை இழுத்துக்கிச்சு. லேட்டாயிடுச்சு. வந்து பார்த்தா கீழ கிடக்கிறாங்க. கேட்டை ஏறிக் குதிச்சேன். தொட்டேன்க்கா. கை ஜில்லுனு இருந்துச்சு, மூச்சு இல்ல. என்ன பண்றதுன்னு தெரியாம சட்டையைக் கழட்டித் தலைக்கு வச்சேன், தரை உறுத்துமேன்னு. செத்தவங்களுக்கு எதுக்கு உறுத்தும்? அப்போ அது தோணல. கதவை இடிச்சேன். கை வீங்குற வரைக்கும் இடிச்சேன். உள்ள டிவி ஓடுற சத்தம் கேட்டுச்சு. அவர் திறக்கல." அவன் குரல் மாறியது. "அவங்க கிடக்குறது தெரிஞ்சுதான் தாழ்ப்பாள் போட்டுட்டு உட்கார்ந்திருந்தார். எங்க விஷயம் தெரிஞ்சுபோய் அடிச்சிருப்பாரோ, தள்ளியிருப்பாரோ. யார் கண்டது?"

"அப்புறம் ஏண்டா ஓடின? போலீஸுக்குச் சொல்லியிருக்கலாமே."

"அவரை ஒரு தடவை தள்ளி விட்டவன் நான். யார் பேச்சை நம்புவாங்க? எனக்கு இவளும் பிள்ளையும் இருக்காங்க." தலையைக் குனிந்துகொண்டான். "அம்மாவை எடுத்தப்போ தெருமுனையில நின்னேன். பக்கத்துல வர முடியல."

அவன் கையை அவள் பிடித்துக்கொண்டாள். கிரீஸ் அவள் கையிலும் ஒட்டியது. திரும்பி வரும்போது பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவளுக்கு ஒரு விஷயம் மட்டும் தெளிவாக இருந்தது. கதவை இடித்தது அம்மா இல்லை. இடிக்கும்போது அம்மா உயிரோடு இல்லை. அதில் ஆறுதல் அடைய முடியுமா என்று பார்த்தாள். கொஞ்சம் முடிந்தது. ஆனால் கூப்பிட்டது அம்மாதானே?

மறுநாள் மதியம் அவள் காது மெஷினை எடுத்து அப்பாவின் கையில் வைத்தாள். அவர் தலையை ஆட்டினார். "போடுங்கப்பா" என்று வாயசைத்தாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு மாட்டிக்கொண்டார். அது ஒரு முறை கீச்சென்று கத்தி அடங்கியது.

"சின்னவனைப் பார்த்துட்டு வந்தேன்."

அப்பா பின்கதவைத் திரும்பிப் பார்த்தார். அது வழக்கம்போலத் திறந்து கிடந்தது. "எங்க இருக்கான்? போலீஸ் பிடிச்சுட்டாங்களா?"

"போலீஸ் எதுக்குப்பா பிடிக்கணும்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். இத்தனை நாள் தன் குரலே கேட்காமல் கத்தியவர் குரலைத் தாழ்த்துவது எப்படியோ இருந்தது. "நான் காட்டிக்கொடுக்கலம்மா. சட்டையைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு, அவன் வந்திருக்கான்னு. அவளே கொடுத்திருக்கா. ஏதோ வாக்குவாதம், தள்ளி விட்டுட்டான். அவனுக்குக் கை முந்தும், உனக்குத் தெரியாதா? தள்ளிட்டு மனசு கேக்காம சட்டையைத் தலைக்கு வச்சிட்டு ஓடியிருக்கான். அதான் என் சட்டை, நான்தான் வச்சேன்னு சொன்னேன். ஒரு தடவை நான் அவனை வெளிய அனுப்பினேன். ஜெயிலுக்கும் நானே அனுப்பணுமா?" கதவைக் காட்டினார். "திரும்பி வந்தா வரட்டும்னுதான் திறந்து வைக்கிறேன். வந்தா ஒரு வார்த்தை கேட்கணும்."

இத்தனை நாள் இந்தக் கிழவர் மகன் செய்த கொலையை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். மகனோ அங்கே தகப்பன் செய்த கொலையைக் கட்டிக்கொண்டு மோட்டார் பிரிக்கிறான். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"அவன் தள்ளலப்பா. அவன் வரும்போது அம்மா போயிட்டாங்க. தானா வழுக்கி விழுந்திருக்காங்க. அவன் கதவை இடிச்சானாம். உங்களுக்குக் கேக்கல."

நல்ல செய்தி என்று நினைத்துத்தான் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். உள்ளே ஏதோ ஒன்று மெல்ல இடம் மாறிக்கொண்டிருந்தது.

"தானாவா விழுந்தா?"

"ஆமாப்பா."

"அவன் வர்றதுக்கு முன்னாடியே?"

"ஆமா."

"அப்போ அவ கூப்பிட்டது..." அவர் நிறுத்தினார். நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "தினமும் அங்க உட்கார்ந்து அவன் பேரைச் சொல்லிக்கிட்டு இருப்பா. பைத்தியம் பிடிச்சிடுச்சுன்னு நினைச்சேன். என்னைக் குத்திக் காட்டத்தான் பேசுறாளோன்னும் நினைச்சேன். அதைக் கேட்க முடியாம நான் தாழ்ப்பாள் போட்டுடுவேன். முடிஞ்சதும் தட்டுவா, திறப்பேன். அன்னைக்கும் சின்னவனே, சின்னவனேன்னு ஆரம்பிச்சா. ரொம்ப நேரமா விடல. 'வாடா, தூக்குடா'ன்னா. அவன் குழந்தையில தூக்குன்னு கை நீட்டுவானே, அந்த நினைப்புல இவ உளறுறாளாக்கும்னு இருந்துட்டேன். அப்புறம் மெஷினைக் கழட்டிட்டேன்."

குழாயில் ஒரு சொட்டு விழுந்தது. அப்பாவுக்கு அது கேட்டது. உடம்பு தூக்கிப் போட்டது.

"நிஜமாவே கூப்பிட்டிருக்கா" என்றார். "எனக்குக் கேட்டுச்சும்மா. கேக்காம இல்ல. கேட்டுச்சு."

அவள் அவர் காலடியில் உட்கார்ந்தாள். "உங்களுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்பா" என்றாள். அது உண்மைதான். அந்த உண்மையால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. மகன் கொலைகாரன் என்று நம்பிய நாட்களில்கூட அவர் சாப்பிட்டார், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதன் பிறகு அது முடியவில்லை. தட்டு முன்னால் இருக்கும், அவர் எங்கோ பார்ப்பார். மெஷினை மட்டும் கழற்ற மறுத்தார். தெருவில் யார் யாரைக் கூப்பிட்டாலும் எழுந்து நிற்பார்.

அப்பா சொன்னதைச் சின்னவனிடமும் சொன்னாள். அவன், "நான் லேட்டா வந்தேன், அவர் கழட்டி வச்சார்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தான். முன்வாசல் வழியாக, மனைவியோடும் பள்ளிக்குப் போகிற மகளோடும் வந்தான். அப்பா எழுந்து நின்றார். சின்னவன்தான் முதலில், "கை சரியாயிடுச்சா?" என்று கேட்டான்.

"மழைக்கு வலிக்கும்" என்றார் அப்பா.

சின்னவனின் மனைவியைப் பார்த்து, "உட்காரும்மா" என்றார். அவள் உட்கார்ந்தாள். மன்னிப்பு என்று யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. கிளம்பும்போது சின்னவன் அந்த உப்பிய கதவைக் கழற்றி, அடியில் இழைத்து, திரும்ப மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகும் எப்போதாவது வந்தான். அப்பாவும் மகனும் மின்சார சாமான்களைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள்.

அப்பா அதிக காலம் இருக்கவில்லை. நுரையீரலில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அக்காவும் தம்பியும் மாறி மாறி இருந்தார்கள். ஒரு காலை நேரம், கட்டிலை உயர்த்தி அவரைச் சாய்த்து உட்காரவைத்து, அவள் ஸ்பூனில் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர் முகம் தெளிவாக இருந்தது. இத்தனை நாள் கேட்காமல் வைத்திருந்ததை அவள் கேட்டுவிட்டாள்.

"அப்பா, அன்னைக்கு அம்மா என்னைக் கூப்பிட்டாங்களா?"

"கூப்பிட்டா. முதல்ல உன்னைத்தான் கூப்பிட்டா."

கேட்ட மாத்திரத்தில் சொன்னார். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. அப்படி யோசிக்காமல் சொன்னதுதான் அவளைத் தொந்தரவு செய்கிறது. உண்மையென்றால் அப்படித்தான் வரும். மகளுக்காக எப்போதோ தயார் செய்து வைத்த பதிலென்றாலும் அப்படித்தான் வரும். அவள் "சரிப்பா" என்று சொல்லி அவர் வாயைத் துடைத்துவிட்டாள். நாலைந்து நாளில் அவர் போய்விட்டார்.

வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அவள் கணவரோடு பழைய இடத்துக்கே போனாள். வேலைக்குப் போகிறாள். குரல் தடுமாறுவதில்லை. பக்கத்து வீட்டு டீச்சர் சில சமயம் நிலையத்தில் இறங்கும்போது மேலே கண்ணாடியைப் பார்த்துக் கையசைப்பாள். அன்றைக்கு முதலிலிருந்து கடைசிவரை சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தவள் டீச்சர். அம்மா எந்தெந்தப் பெயரைச் சொன்னாள் என்று அவளிடம் கேட்டால் தெரிந்துவிடும். கீழே இறங்கிப் போனால் போதும், நாலு வார்த்தையில் முடிந்துவிடுகிற விஷயம்.

அவளும் கையசைப்பாள். இறங்கிப் போனதில்லை.